ஏழாம் நம்பர் டம்ளர்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று. இந்தக் கணக்கு ஊரில் பலருக்கு உதைத்தது. அவர்கள் இருவருக்கும் ஒருநாளும் உதைத்ததில்லை.

குரு ஹெப்சிபா டீச்சர். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மூன்று அறை எடுத்து, வெளியூர்க் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் கொடுப்பவர். முன்பு அங்கேயே சாயங்கால வகுப்பும் எடுத்தார். வகுப்பு எப்போதோ நின்றுபோயிற்று. டீச்சர் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

சீடர் திரவியம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். "மூச்ச இழுத்துப் பிடிங்க… ம், விடுங்க" என்று பதினெட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு நாற்பதாவது வயதில் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்களிடம், "எனக்கு இன்னும் பத்து வருஷம் கெடக்கு வே" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். இரண்டு வருஷம் டீச்சரிடம் படித்தார், டீச்சரிடமே வேலையும் பார்த்தார். பிறகு கோயம்புத்தூரில் ஒரு வேலை வந்தது.

"ஒரு மாசம் பாத்துட்டு சொல்லுதேன். போய்ட்டு வாரேன் டீச்சர்" என்றார்.

எல்லோரும் சொல்வதுதான். சொல்கிறவர் யோசித்துச் சொல்வதில்லை. கேட்கிறவரும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. வராததற்கு முதலில் வேலை காரணமாக இருந்தது. நடுவில் டீச்சரின் அம்மா இறந்துபோனார். சேதி கேள்விப்பட்டும் திரவியம் வரவில்லை. அதற்குப் பிறகு, வராமல் இருந்துவிட்டோமே என்பதே வராததற்குக் காரணமாகிவிட்டது. வெட்கம் அப்படித்தான் வேலை செய்யும்.

இன்றைக்கு வந்திருந்தார். சனிக்கிழமை, காலை பத்தரை மணி. தோளில் லேப்டாப் பை. ஒன்பதாவது படி உடைந்திருக்கும் என்று மூளைக்கு நினைவு வருவதற்கு முன்னால் கால் அதைத் தாண்டி வைத்தது. படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

முன்னறையில் பியூலா இருந்தாள். மற்றவர்கள் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. மனுஷரிலும் கண்டுபிடிப்பாள்.

"யாரு அது? ஏ, திரவியம் அண்ணாச்சியா! இன்னைக்கு மழைதான். மொட்டை மாடில துணி கெடக்கு, எடுத்துட்டு வந்துருதேன்."

திரவியம் சிரித்து மழுப்பினார். உள்ளே டீச்சர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்ட்டியளா?"

சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவரைக் கேட்பதுபோல அவ்வளவுதான் கேட்டார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் திரவியத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆச்சு டீச்சர். அம்மா விஷயம் கேள்விப்பட்டேன். நான் அப்பவே வந்திருக்கணும்."

"உக்காருங்க. என்ன பிரச்சினைன்னு வந்திய?"

திரவியம் உட்கார்ந்தார். பழைய நாற்காலி, பழைய ஜன்னல். கீழே மருந்துக்கடையிலிருந்து அதே டெட்டால் வாசனை. சுவர் ஓரத்து அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. வகுப்பு நடந்த காலத்தில் பன்னிரண்டு பேர் காப்பிக்கு அடித்துக்கொள்வார்கள். ஊரில் எல்லாரும் டம்ளரில் பேர் வெட்டுவார்கள். டீச்சர் பாத்திரக்கடையில் கொடுத்து, அடிப்பக்கத்தில் நம்பர் வெட்டி வாங்கிவந்தார். இப்போது நாலு டம்ளர்தான் மிச்சம். இரண்டு, நாலு, ஐந்து, ஏழு.

ஏழு திரவியத்துடையது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார். கோயம்புத்தூர் கம்பெனிக்குச் சின்ன ஊர்களில் பதினோரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கிற படத்தையெல்லாம் கோயம்புத்தூர் டாக்டருக்கு அனுப்புகிற நிரல் திரவியம் எழுதியது. படத்தை அந்தப் பக்கம் கொண்டுசேர்க்கிற பெரிய வேலையை, லைப்ரரி என்று சொல்கிற, வேறு யாரோ எழுதிவைத்த தயார் நிரல் பார்த்துக்கொள்கிறது. இவர் நிரல் அதை ஏவினால் போதும். நாலு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

"போன மாசம் வால்பாறைல எடுத்த ஒரு நெஞ்சுப் படம். டாக்டர் தொறந்து பாத்தா, பாதிக்குக் கீழ இடுப்பெலும்பு."

"யாரு இடுப்பெலும்பு?"

"முருகாயின்னு ஒரு அம்மா. தேயிலை எஸ்டேட்ல வேலை. ரெண்டு படமும் ஒரே நேரத்துல போயிருக்கு. அதுலேர்ந்து மூணு தடவை ஆயிருச்சு டீச்சர். இடுப்பும் நெஞ்சும்னா டாக்டர் சிரிச்சுட்டு விட்டாரு. நெஞ்சும் நெஞ்சும் கலந்திருந்தா?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"திங்கக்கெழமைக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா நிறுத்திரச் சொல்லிட்டாங்க. பழையபடி எல்லாரும் படத்தைத் தூக்கிட்டு பஸ்ல வரணும். வால்பாறைலேர்ந்து நாப்பது வளைவு டீச்சர்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு வருஷமும் அப்படி வருகிறவர்களைப் பார்த்தவர் அவர். எக்ஸ்ரே படம் வைத்த பெரிய காக்கி உறையைக் கசங்காமல் மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். டாக்டர் இல்லை என்றால் மறுநாளும் வருவார்கள். அந்த உறையை ஒழிக்கத்தான் அவர் நாற்பது வயதில் இந்த மாடிப்படி ஏறினார்.

"நிரலைக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

திரவியம் லேப்டாப்பைத் திறந்து திருப்பி வைத்தார். "நீங்க சொல்லித் தந்தபடிதான் எழுதியிருக்கேன். சென்டருக்கு ரெண்டு இணைப்பு உண்டு. மழை பேஞ்சா ஒண்ணு படுத்துரும். எந்த இணைப்புல போகணும்னு நானே முடிவு பண்ணணும்லா? அதான், சாக்கெட் தொறக்குற கால்பேக்கைப் போட்டேன்."

கால்பேக். அந்த வார்த்தையை அவர் முதலில் கேட்டது இதே அறையில்தான். சாக்கெட் என்பது கம்ப்யூட்டர் வெளியுலகத்தோடு பேசத் திறக்கிற வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நம்பர் உண்டு என்பது வரை புரிந்திருந்தது. லைப்ரரி தானே வாசலைத் திறக்காமல் நம்மைக் கூப்பிட்டு, 'ஒரு வாசல் திறந்து கொடு' என்று கேட்கும்படி சொல்லிவைக்கலாம் என்றதும் குழம்பிவிட்டார். "நாமதானே டீச்சர் அதைக் கூப்பிடணும்? அது எதுக்கு நம்மளக் கூப்பிடுது?" என்று கேட்டார்.

டீச்சர் அவரைக் கீழே மருந்துக்கடை வாசலில் போய் நிற்கச் சொன்னார். நின்றார். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. பொறுக்காமல் மேலே ஏறி வந்து, "கூப்ட்டியளா டீச்சர்?" என்றார்.

"கூப்பிடலை. கீழ போங்க."

மறுபடி போய் நின்றார். கடைசியில் மாடியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "அண்ணாச்சி, தலைவலி மாத்திரை ஒண்ணு!" வாங்கிக்கொண்டு ஓடினார். டீச்சர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "கால்பேக் புரிஞ்சுதா?" என்றார்.

அந்த வாரம் முழுக்கத் திரவியம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இன்று நினைத்தபோதும் சிரிப்பு வந்தது. கண்ணோரத்தில் ஈரமும் வந்தது. அதைக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் நிரலை மேலிருந்து கீழே படித்தார். ஓரிடத்தில் நின்றார். அங்கேயே வெகுநேரம் நின்றார்.

"இங்க, ஒரு படம் போய்ச் சேந்ததும் சாக்கெட்டை மூடுதியளே. யாரு மூடச் சொன்னா?"

"நீங்கதான் டீச்சர்." திரவியம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. "தொறந்தவன் மூடணும். மொத நாள் பாடமே அதுதான். கால்பேக்ல சாக்கெட்டைத் தொறந்து குடுத்தது நான். படம் போனதும் மறக்காம நானே மூடிருதேன். ஒம்பது வருஷத்துல நான் தொறந்த எதையும் மூடாம விட்டது கெடையாது."

டீச்சர் அவரைப் பார்த்தார். மேசை மேலிருந்த பிளாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு டம்ளர் எடுத்துக் குடுங்க."

திரவியம் அலமாரிக்குப் போனார். கை ஏழைத் தாண்டி நாலை எடுத்தது. கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் காப்பியை ஊற்றிக் குடித்தார். காலி டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி நிரலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

திரவியம் ஒரு நிமிஷம் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாத ஆள் அவர். டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்தார்.

அந்த நேரம் பியூலா ஒரு பாட்டிலோடு உள்ளே வந்தாள். "அண்ணாச்சி, அங்கனதான நிக்கிய, ஒரு டம்ளர் குடுங்க. மோர் குடிக்கணும், வெயில் மண்டையப் பொளக்குது."

கைக்கு அருகில் இருந்தது, கழுவின ஈரம் காயாத நாலு. அதையே கொடுத்தார். பியூலா மோரை ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, பாட்டிலை மூடத் திரும்பினாள்.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பிளாஸ்க்கைத் தூக்கினார். நாலாம் நம்பர் டம்ளரில் காப்பியை ஊற்றினார்.

"ஐயோ டீச்சர்! என் மோரு!"

டீச்சர் நிதானமாகத் திரும்பினார். டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார்.

"நாலு. இது என் டம்ளர்லா?"

"ஒங்க டம்ளரா? அண்ணாச்சி இப்பத்தான் எனக்கு எடுத்துத் தந்தாவ!"

"எனக்கும் அண்ணாச்சிதான் தந்தாவ." டீச்சர் திரவியத்தின் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி?"

"நீங்க குடிச்சு முடிச்சிட்டியன்னு கழுவி வச்சேன் டீச்சர்."

"முடிச்சிட்டேன்னு நான் சொன்னேனா?"

"சொல்லலை. டம்ளர் காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?"

திரவியம் மோரைப் பார்த்தார். வெள்ளையில் காப்பி இறங்கி, திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றது. வால்பாறைப் படம் அவர் கண்முன் வந்தது. பாதி வரைக்கும் யாரோ ஒருவரின் விலா எலும்பு, அதற்குக் கீழே முருகாயியின் இடுப்பு.

"நான் எடுத்துக் குடுத்த டம்ளர்தான டீச்சர்?" என்றார். குரலில் பழைய பெருமை இல்லை.

"ஆமா. எடுத்துக் குடுத்தது நீங்க. கழுவ வேண்டியதும் நீங்கதான். அதுல ஒரு சந்தேகமும் இல்ல. எப்பம் கழுவணும்னு சொல்ல வேண்டியது யாரு?"

திரவியத்துக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு படம் போய்ச் சேர்ந்ததும் லைப்ரரி அந்த வாசலை விட்டுவிடுவதில்லை. அடுத்த படத்துக்கு ஆகும் என்று நம்பரைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அது தெரியாமல் இவர் வாசலை மூடுகிறார். மூடின நம்பரைக் கம்ப்யூட்டர் உடனே வேறொரு படத்துக்குக் கொடுத்துவிடுகிறது. லைப்ரரிக்கு அது எப்படித் தெரியும்? 'என்னுடைய நாலு' என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது படத்தை அதே வாசலில் தள்ளுகிறது. லைப்ரரி மேல் ஒரு தப்பும் இல்லை. இத்தனை நாள் படங்கள் அப்படி ஒரே நேரத்தில் மோதவில்லை, அவ்வளவுதான்.

"விடுங்கன்னு நான் சொல்றதுக்கு முந்தி சில பேரு மூச்ச விட்டுருவாங்க டீச்சர்" என்றார் திரவியம் மெதுவாக. "படம் எடுத்தாச்சுன்னு அவங்களா நெனச்சுக்கிடுவாங்க. படம் கலங்கிரும். அவங்களை எத்தனை ஏச்சு ஏசியிருக்கேன்!"

டீச்சர் லேசாகச் சிரித்தார்.

"மூடுறதுக்கும் ஒரு கால்பேக் இருக்கு" என்றார் திரவியம். "படிச்சேன். நாமளே மூடிக்கிடுதோமே, இது எதுக்குன்னு காலியா விட்டுட்டேன்."

"கீழ கடை வாசல்ல நிக்கச் சொன்னேனே, ஞாவகம் இருக்கா?"

"கூப்பிடுறதுக்கு முன்ன மேல ஏறி வந்துட்டேன்."

"இப்பவும் அதான் பண்ணியிருக்கிய."

பியூலா காப்பி மோரை ஜன்னலோரத் தொட்டியில் கொட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். "இவுகளுக்குப் பாடம் நடத்த என் மோருதான் கெடச்சுது."

திரவியம் உட்கார்ந்து வேலை செய்தார். படம் போனதும் மூடுகிற அந்த ஒற்றை வரியை எடுத்தார். அடித்துத் தூக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. நாலு வருஷம் அந்த வரிதான் தன் ஒழுக்கத்துக்குச் சாட்சி என்று நினைத்திருந்தார். பிறகு மூடுகிற கால்பேக்கை எழுதினார். அதற்கு ஆறு வரிகூட ஆகவில்லை. லைப்ரரி எப்போது கூப்பிட்டு 'இந்த நம்பர் போதும்' என்கிறதோ, அப்போது மூடு. அதுவரை சும்மா இரு.

பியூலா மோர் போன கோபத்தையெல்லாம் சோதனையில் காட்டினாள். முந்நூறு படத்தை ஒரே நேரத்தில் அனுப்பினாள். நடுவில் ஒரு இணைப்பைப் பிடுங்கினாள், மறுபடி செருகினாள். போனதையும் வந்ததையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரை ஒப்பிட்டுப் பார்க்கவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து பார்த்து, "ஒண்ணுகூட மாறலை. எனக்கே நம்ப முடியலை" என்றாள். அவள் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அது.

திரவியம் வால்பாறை சென்டரில் மட்டும் புதிய நிரலை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். மூன்றரை மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு எடுத்த பத்தொன்பது படமும் டாக்டரிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தன. வலி இன்னும் விடாத முருகாயி அம்மாவுக்கும் இன்னொரு முறை எடுத்து அனுப்பியாகிவிட்டது. எலும்பு முறிவு இல்லை, மருந்து போதும், கோயம்புத்தூருக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

திரவியம் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயில் ஜன்னல் வழியாக மேசைவரை வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் முன்பு வகுப்பு தொடங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் படியில் தடதடவென்று ஏறி வருவார்கள். நடுவில் நரைத்த மீசையோடு இவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இருந்ததில்லை. அது அப்போது தெரியவில்லை.

"ஆறு மணிக்குப் பஸ் டீச்சர்" என்றார்.

"சரி அண்ணாச்சி. காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க. டம்ளர் எடுத்துட்டு வாங்க."

அலமாரிக்குப் போனார். இரண்டைத் தொட்டார், ஐந்தைத் தொட்டார். கடைசியில் ஏழை எடுத்தார். ஒன்பது வருஷத் தூசி இருக்கும், கழுவ வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே பளபளவென்று இருந்தது. விரலை விட்டுத் தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பியூலா, இதுல யாரு குடிக்கா?"

"யாரும் குடிக்கப்படாது. தெனம் கழுவி மட்டும் வைக்கணும்" என்றாள் பியூலா. "தூக்கி உள்ள போட்டுருவோம்னு நானும் வருஷத்துக்கு ஒருக்கச் சொல்லிப் பாத்துட்டேன். டீச்சர் விட்டாத்தானே?"

திரவியம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்றார். ஐம்பத்தொரு வயது மனுஷர். பள்ளிக்கூடப் பையன்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு போன்கூடப் பண்ணலை டீச்சர். அம்மாவுக்குக்கூட வரலை. ஒம்பது வருஷம் இது காலியாத்தான கெடந்துச்சு?"

டீச்சர் அவர் கையிலிருந்த டம்ளரில் காப்பியை ஊற்றினார். விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.

"போய்ட்டு வாரேன்னுல்லா சொல்லிட்டுப் போனிய, அண்ணாச்சி."